குதிரைத்திறன் எனும் மூடநம்பிக்கை

வார இறுதி விவசாயிக்குத் தனியாக ஒரு டிராக்டர் வாங்கும் தகுதி கிடையாது. பணம் இருக்கலாம், கொட்டகை இருக்கலாம், ஆசை கட்டாயம் இருக்கும். நான் தகுதி என்று சொல்வது வருடத்துக்கு நூற்றெட்டு மணி நேர வேலையை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு கட்சிகளோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

நானும் வார இறுதி விவசாயிதான். வந்தவாசிக்குப் பக்கத்தில் நாலரை ஏக்கர். இரண்டு ஏக்கர் மாமரம், ஒன்றேமுக்கால் ஏக்கர் மல்லாட்டை போடுகிற கொல்லை, முக்கால் ஏக்கர் கழனி. திங்கள் முதல் வெள்ளி வரை சென்னையில் கணினித் திரை, சனிக்கிழமை விடியற்காலை பஸ். இந்த நிலத்தை உழுதுகொண்டிருந்த பழைய 18 ஹெச்.பி. மினி டிராக்டர் ஆடி மாதம் படுத்துவிட்டது. இனி அதற்குச் செலவு செய்வது வீண் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். மாற்று வண்டி வேண்டும்.

எந்த வண்டி வாங்கலாம் என்று நண்பர்களிடம் கேட்டேன். கேட்டவுடன் வரிசை கட்டி வந்த பதில்களைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நிலம் எப்படிப்பட்ட மண், எத்தனை மரம், மரத்துக்கு மரம் எவ்வளவு இடைவெளி, யார் ஓட்டப்போவது, இதில் ஒன்றைக்கூட ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை ஹெச்.பி. பார்க்குறீங்க?

முதல் கட்சி இதுதான். ஹெச்.பி. கட்சி.

குதிரைத்திறன் என்ற அளவு பிறந்ததே வியாபாரப் பேச்சில். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தை விற்க வேண்டியிருந்தது. வாங்குகிறவர்கள் அதுவரை செக்கிலும் ஆலையிலும் குதிரைகளைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தவர்கள். உங்கள் குதிரைகளில் எத்தனைக்கு என் இயந்திரம் சமம் என்று அவர்கள் பாஷையிலேயே சொல்ல ஒரு எண் தேவைப்பட்டது. சராசரிக் குதிரை நாள் முழுக்க அந்த அளவுக்கு உழைக்காது என்று அப்போதிருந்தே சொல்கிறார்கள். இருநூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஷோரூம் வாசலில் நிற்கும் பையன் இன்னும் அதே குதிரையைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறான். "சார், 21 எடுக்கிறதுக்கு இன்னும் அறுபதாயிரம் போட்டா 27 எடுத்துரலாம் சார்." அந்த ஆறு குதிரை என் மாந்தோப்பில் என்ன செய்யும் என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. கேட்கிறவர்களும் குறைவு.

உழவில் வேலை செய்வது குதிரைத்திறன் மட்டும் அல்ல, எடையும் பிடிமானமும். இன்ஜின் எத்தனை ஹெச்.பி. கொடுத்தாலும் அது டயர் வழியாகத்தான் மண்ணுக்குப் போக வேண்டும். ஈரமான செம்மண்ணில் டயர் வழுக்கினால் மீதிக் குதிரையெல்லாம் புழுதியாகவும் டீசல் புகையாகவும் போய்விடும். லேசான வண்டியில் பெரிய இன்ஜினை வைத்தால் வழுக்கல்தான் கூடும். ரொட்டவேட்டர் போன்ற, பின்பக்கத் தண்டில் சுற்றும் கருவிக்கு ஹெச்.பி. கணக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் கேட்க வேண்டியது இன்ஜின் ஹெச்.பி. அல்ல, பி.டி.ஓ. தண்டில் வந்து சேரும் ஹெச்.பி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது முதலாவதை. சின்ன எழுத்தில் கூட சிலர் இரண்டாவதைப் போடுவதில்லை.

ஹாரி ஃபெர்குசன் என்ற ஐரிஷ்காரர் இந்த விஷயத்தைப் போன நூற்றாண்டின் முதல் பாதியிலேயே தீர்த்துவிட்டார். கலப்பையைச் சங்கிலி கட்டி இழுக்காமல், மூன்று கைகளால் வண்டியோடு இணைத்து, ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்குகிற ஏற்பாடு அவருடையது. கலப்பை மண்ணைக் கடிக்கும்போது உண்டாகிற இழுவையே பின் சக்கரத்தை மண்ணில் அழுத்தும். அதனால் லேசான வண்டி கனத்த வண்டியின் வேலையைச் செய்யும். 1946இல் இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் தயாராகத் தொடங்கிய அவருடைய சின்னச் சாம்பல் நிற டிராக்டர், டி.இ. 20, இருபத்தைந்து ஹெச்.பி.யை ஒட்டியது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். போருக்குப் பிந்தைய பிரிட்டன் கிராமங்களில் திரும்பின பக்கமெல்லாம் நின்றது அதுதான். இன்றைய நம் ஷோரூமில் அதன் பெயர் மினி. ஒரு நாட்டு விவசாயிகள் உழுது பிழைத்த வண்டி எனக்குப் பத்தாதாம். சென்னையில் டாஃபே செய்கிற மாஸி ஃபெர்குசனின் பின்பாதி அந்தப் பெயர்தான். பெயர் வந்து சேர்ந்தது, பாடம் வரவில்லை.

மினி டிராக்டருக்கு அர்த்தம் கொடுப்பது அதன் அகலம். மாமரத்துக்கு நடுவே திரும்ப முடிகிறதா, தாழ்ந்த கிளைக்குக் கீழே புகுந்து வர முடிகிறதா, மல்லாட்டைக் கொல்லையின் மூலையில் வரப்பை உடைக்காமல் மடங்குகிறதா. இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி: ரொட்டவேட்டரின் அகலம் பின் டயர்களின் வெளி விளிம்பைவிட அதிகமா, குறைவா? குறைவாக இருந்தால் டயர் அமுக்கிய இரண்டு கோடு ஒவ்வொரு ஓட்டிலும் உழப்படாமலே நிற்கும். அதை மூட இன்னொரு ஓட்டு. அதற்கு இன்னும் டீசல். அப்போதும் நம்மாள் சொல்வது, "பவர் பத்தல". நான்கைந்து ஷோரூம் ஏறி இறங்கினேன். டேப்பை எடுத்து டயரை அளந்தபோது ஒரு இடத்தில் சிரித்தார்கள்.

ரொட்டவேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நாலைந்து அங்குலத்துக்கு மேல் போகாது. மேலே மண் மாவு மாதிரி பொலபொலவென்று வரும், பார்க்க அழகு, புகைப்படத்துக்கு இன்னும் அழகு. ஒவ்வொரு பருவமும் அதே ஆழத்தில் கத்தி தட்டித் தட்டி, சக்கரத்தின் எடையும் சேர்ந்து, கீழே ஒரு கெட்டித் தட்டு உருவாகிவிடும். மழைத்தண்ணீர் அதைத் தாண்டி இறங்காது, வேரும் இறங்காது. அதை உடைக்க உளிக்கலப்பை வேண்டும். உளிக்கலப்பையை மினி டிராக்டர் இழுக்காது, 45, 50 ஹெச்.பி. வண்டிதான் இழுக்கும். அது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, சில மணி நேர வேலை. அந்தச் சில மணி நேரத்துக்காகப் பெரிய வண்டி வாங்கு என்கிறது ஹெச்.பி. கட்சி. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறோம் என்பதற்காக யாராவது பஸ் வாங்குகிறார்களா?

இரண்டாவது கட்சி மாட்டுக் கட்சி. இதில் என் இலக்கிய நண்பர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டும்.

"டிராக்டரே வேணாம் தோழர், ஒரு ஜோடி உழவு மாடு வாங்குங்க." இதைச் சொன்னவர் அடையாறில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். நம்மாழ்வாரைக் கேட்டவர், ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைப் படித்தவர். நானும் படித்தேன். ஃபுகுவோகா மாட்டைக் கட்டி உழச் சொல்லவில்லை என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன். உழவே வேண்டாம் என்றார் அவர். அந்த வாதத்தோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு, அதற்கு வருகிறேன். டிராக்டர் சாணி போடாது என்ற காந்தியர்களின் பழைய வாதமும் தெரியும். ஜே.சி. குமரப்பா பேசியது பொருளாதாரம்: எருவும் இழுவையும் பாலும் தீவனமும் ஒரே ஊருக்குள் சுற்றிவர வேண்டும் என்ற கணக்கு. அதை மறுப்பதென்றால் கணக்காலேயே மறுக்க வேண்டும். என் நண்பர்கள் பேசுவது கணக்கு அல்ல, ஒரு படம். விடியற்காலை, பனி, கழுத்து மணி, புதுசாய்ப் புரண்ட மண்ணின் வாசனை.

அந்தப் படத்தில் மாட்டுக்குப் பின்னால் ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார். அவர் யார்? கட்டுரை எழுதுகிறவர் இல்லை. கவிதை எழுதியவரும் இல்லை. பெரும்பாலும் நிலம் அவருடையதும் இல்லை. வெறுங்காலோடு நாள் முழுக்க மைல் கணக்கில் நடந்து, மேழியை அமுக்கிய தோளோடு, சாயங்காலம் எந்த வாசலில் எவ்வளவு தூரத்தில் நின்று கூலி வாங்கினார் என்பதை அந்தப் படம் காட்டாது. அவருடைய பிள்ளைகள் இன்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். நல்ல விஷயம். "ஆள் கிடைக்கலை" என்று எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் கொடுக்கிற கூலிக்கு, நாங்கள் கூப்பிடுகிற தொனியில் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் முழு வாக்கியம். அந்த ஆளைத் திரும்ப மாட்டுக்குப் பின்னால் நடக்கவைக்க ஆசைப்படுவதற்கு இயற்கை விவசாயம் என்று பெயர் வைக்காதீர்கள்.

சாதியை விட்டுவிட்டு வெறும் மாட்டை மட்டும் பார்த்தாலும் விஷயம் நடக்காது. மாட்டுக்குச் சனி ஞாயிறு மட்டும் பசிக்காது. வருடத்தில் நாற்பது நாள் உழும், முந்நூற்று அறுபத்தைந்து நாள் சாப்பிடும், தினமும் தண்ணீர் காட்ட ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். அங்கேயே இருக்கிற குடும்பம் மாடு வைத்தால் அது வாழ்க்கை. நான் வைத்தால், எனக்காக வேறொருவர் விடுமுறையில்லாமல் உழைப்பது. டிராக்டருக்கு இருக்கும் ஒரே ஒழுக்கம், சாவியைத் திருப்பி அணைத்தால் பசிக்காது என்பது.

இலக்கியத்தில் டிராக்டர் எப்போதும் வில்லன். ஸ்டைன்பெக்கின் 1939ஆம் வருட நாவலில் அது வீட்டை இடித்துக்கொண்டு வருகிறது. அங்கே அது சரி. அந்த வண்டி வங்கியின் வண்டி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. இரண்டு ஏக்கர்காரரை டிராக்டர் துரத்தவில்லை. டிராக்டர் நேரத்துக்கு வராததுதான் அவரைத் துரத்துகிறது.

இனி அந்த நூற்றெட்டு.

எனக்கு வந்த விலைப்பட்டியல்களில் நடுவாந்திரமானது: 4 வீல் டிரைவ் மினி டிராக்டர் 5,20,000, ரொட்டவேட்டர் 90,000. மொத்தம் 6,10,000. 2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5ஆகக் குறைந்த பிறகு வந்த விலை இது. "இப்ப விட்டா கிடைக்காது" என்ற பேச்சு இதோடு சேர்த்து இலவசம். பத்து வருடம் கழித்து இரண்டரை லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் 3,60,000, வருடத்துக்கு 36,000. போட்ட பணத்துக்கு 7 சதவீதம் வட்டி என்றால் 42,700. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், பேட்டரி, சில்லறை ரிப்பேர் 15,000. ஆக, வண்டி கொட்டகையை விட்டு நகராவிட்டாலும் வருடத்துக்கு 93,700 ரூபாய். ஓடினால் மணிக்கு டீசலும் ஓட்டுகிறவர் கூலியும் 330 ரூபாய். எங்கள் ஊரில் ரொட்டவேட்டரோடு வாடகை வண்டி மணிக்கு 1,200. ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் எனக்கு மிச்சம் 870. 93,700ஐ 870ஆல் வகுங்கள். நூற்றெட்டு மணி நேரம் ஓடினால்தான் சொந்த வண்டியும் வாடகை வண்டியும் சமம். (பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்க் கணக்கு என்று ஊரில் சிரித்தார்கள்.)

என் பழைய வண்டியின் மணி மீட்டரைப் பார்த்தேன். வருடத்துக்கு அறுபது. அதிலும் இருபத்திரண்டு மணி நேரம் மாமரத்துக்கு நடுவே வெறும் களையைப் புரட்டியது. இங்கேதான் ஃபுகுவோகாவோடு என் பாதி உடன்பாடு. வளர்ந்த மாந்தோப்பை வருடத்துக்கு நாலு முறை உழ ஒரு அவசியமும் இல்லை. மேல் வேர் அறுபடுவதுதான் மிச்சம். புல்லை வெட்டி அங்கேயே போட்டால் போதும், அதற்கு ஒரு புல்வெட்டி மெஷின் போதும். நாங்கள் உழுவது மரத்துக்காக அல்ல, ரோட்டில் போகிறவர்களுக்காக. புல் முளைத்து நின்றால் "கொல்லையப் போட்டுட்டான் பாரு" என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்து டீசல் எரிகிறது. மாந்தோப்பைக் கழித்தால் என் நிலத்துக்கு உண்மையில் தேவை முப்பத்தெட்டு மணி நேரம். முப்பத்தெட்டு மணிக்கு 6,10,000 ரூபாய் வண்டி!

இப்படிக் குறைவாக ஓடுகிற வண்டி பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நான் வாங்குவதற்கு முன்னால் என் பழைய வண்டி ஒரு மருத்துவரின் பண்ணையில் இருந்தது. மீட்டரில் மணி மிகக் குறைவு, அதைச் சொல்லித்தான் விற்றார்கள். மெக்கானிக் பிரித்துக் காட்டியபோது உழைப்பால் தேய்ந்தது எதுவும் இல்லை. நின்று நின்று டேங்க்கில் தண்ணீர் கோத்து பம்ப் துருப்பிடித்திருந்தது, ஹைட்ராலிக் சீல்கள் காய்ந்து வெடித்திருந்தன. ஒயரிங்கை எலி பலமுறை தின்று, பலமுறை ஒட்டுப்போட்டிருந்தார்கள். பாதி கடித்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு மெக்கானிக் சொன்னார்: "ஓட்டி செத்த வண்டிய பொழைக்க வெச்சிடலாம் சார். நிக்கவெச்சி செத்தத ஒன்னும் பண்ண முடியாது."

அப்படியானால் வாடகைக்கு எடுத்துக்கொள், கட்டுரையை முடி என்று கணக்குப் பிள்ளைகள் சொல்வார்கள். கணக்கில் வராத ஒன்று மழை. எங்கள் செம்மண்ணில் மழை பெய்த பிறகு உழவுப் பதம் மூன்று நாள் நிற்கும், வெயில் கடுமையென்றால் இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் சுற்றுவட்டாரத்துக்கே வண்டி வேண்டும். வாடகை வண்டிக்காரருக்கு மணிக்கணக்கில் கூலி, அவர் எங்கே முதலில் போவார்? நீளமாக ஐந்து ஏக்கர் ஒரே துண்டாகக் கிடக்கிற இடத்துக்கு. அரை ஏக்கர் துண்டில் திரும்புவதற்கே பாதி நேரம் போகும், வரப்பு ஏறி இறங்கணும், நாலு வீட்டுக்காரரிடம் வழி கேட்கணும். வேளாண்மைப் பொறியியல் துறை வண்டியை உழவன் செயலியில் பதிவு செய்து குறைந்த வாடகைக்கு எடுக்கலாம். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மழை பெய்த மறுநாள் காலையில் எல்லோருக்கும் கொடுக்கிற அளவுக்கு எந்தத் துறையிடமும் வண்டி இருக்காது.

என் கொல்லையை ஒட்டி ஒரு ஆயாவுக்கு எண்பது சென்ட் இருக்கிறது. மல்லாட்டை போடுவார். போன வருடம் பதம் தப்பி, மூன்றாவது நாள் வந்த பெரிய வண்டி கட்டி கட்டியாகப் புரட்டிவிட்டுப் போனது. விதை பாதிதான் முளைத்தது. என் பழைய வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஒருமுறை வரப்பில் நின்று கேட்டார்: "சும்மாதான நிக்குது, ஆறு திருப்பு திருப்பிட்டு போவ சொல்லேன் சார்." ஓட்டிக் கொடுத்தோம். ஆறு திருப்பு அல்ல, இரண்டரை மணி நேரம். டிராக்டர் விஷயமாக எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான். அதை ஒரு ஷோரூமும் சொல்லவில்லை, ஒரு கவிஞரும் சொல்லவில்லை.

நூற்றெட்டுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே எழுபது மணி நேரம் காலியாக இருக்கிறது. அது பக்கத்துக் கொல்லைகளின் நேரம். ஆயாவின் எண்பது சென்ட், அதற்கு அந்தப்புறம் கத்தரியும் மிளகாயும் போடுகிற ஒன்றேகால் ஏக்கர், ஏரிக்கரை ஓரம் சம்பங்கி வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவரின் முக்கால் முக்கால் ஏக்கர். பெரிய வண்டிகள் கடைசியில் வந்து சேர்கிற நிலங்கள் இவை. இவற்றுக்கு ஏற்ற அகலத்தில் ஒரு வண்டி ஊருக்குள் இருந்தால் அது என் பொழுதுபோக்குக்காக நிற்காது. அதனால் வார இறுதி விவசாயிகளுக்கு என் கோரிக்கை இதுதான்: தனியாக வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள். ஊருக்கு ஓடுவதாக இருந்தால் வாங்குங்கள், ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமையை அன்றே விட்டுவிடுங்கள். "என் வண்டியை எவனாவது கெடுத்துட்டா?" என்று பதறுகிற நண்பர்களைப் பார்க்கிறேன். அவர்கள் நிலத்துக்கு வழிவிட்டது யார், கிணற்று மோட்டாரை ராத்திரி அணைப்பது யார், ஆடு புகுந்தால் போன் பண்ணிச் சொல்வது யார்? ஊரின் கண்காணிப்பை இலவசமாக வாங்கிக்கொண்டு வண்டிக்கு மட்டும் பூட்டுப் போடுவது அசிங்கம்.

தேர்ந்தெடுக்கும் உரிமை என்றேன். அது ஓட்டுகிறவருக்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் மினி வண்டிகளெல்லாம் ஓட்டிப் பழகிய டிரைவர் அண்ணனை இரண்டு சனிக்கிழமை கூடக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஹெச்.பி.யைக் கேட்கவே இல்லை. ஏறி உட்கார்ந்து கிளட்ச்சைப் பத்து முறை மிதித்தார். முட்டி வலிக்காரர், சேடை ஓட்டும் நாளில் அந்தக் கால்தான் முதலில் போகும். அவசரத்துக்கு இடது பக்கம் குதிக்க இடமிருக்கிறதா என்று பார்த்தார். சைலன்சர் மூஞ்சிக்கு நேரே புகை விடுகிறதா என்று பார்த்தார். பின்னால் போய் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்து, "இத மொத நாளே கழட்டிப் போட்டுருவானுங்க சார்" என்றார். நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிற தண்டு அது. லுங்கி நுனியோ துண்டோ மாட்டினால் கையை எடுக்க நேரம் இருக்காது.

நான் விலை பேசியதில் விட்டுக்கொடுக்காத ஒன்று உருளல் தடுப்பு வளையம், ரோல் பார் என்பார்கள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் நசுங்காமல் காக்கும் அந்த இரும்பு வளைவு. ஸ்வீடனில் 1959இலேயே புது டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். அமெரிக்காவில் 1976 அக்டோபருக்குப் பிறகு செய்த, கூலியாட்கள் ஓட்டுகிற வண்டிகளுக்குக் கட்டாயம். இங்கே சில மாடல்களில் மடக்கும் வசதியோடு வருகிறது, பலவற்றில் இல்லவே இல்லை. விற்பனை ஆள் சொன்னான்: "மினி வண்டி சார், எங்க கவுறப் போவுது?" வரப்பு ஏறும்போது கவிழும். பனங்கட்டையைப் பிடுங்க இழுவைக் கொக்கியை விட்டுக் கயிற்றை மேலே அச்சில் கட்டி இழுத்தால், முன் சக்கரம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். கிளட்ச்சைத் தேடுவதற்குள் முடிந்துவிடும். வளையம் இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கியெறிந்து அந்த வளையத்துக்கு அடியிலேயே போட்டுவிடும். 27 ஹெச்.பி.க்கு அறுபதாயிரம் கூடக் கொடுக்கத் தயாராக இருக்கிற அதே ஆள், வளையத்துக்கு ஐந்தாயிரம் கேட்டால் முகம் சுளிக்கிறான். ஓட்டப்போவது அவன் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மாடல்களைப் பற்றிக் கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ் 215 இரண்டும் 15 ஹெச்.பி., ஒற்றை சிலிண்டர். அதிர்வு அதிகம், சத்தம் அதிகம், ஆனால் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் தாலுகாவுக்குத் தாலுகா உண்டு. வி.எஸ்.டி.யின் 180டி மூன்று சிலிண்டர், மெதுவான ஓட்டம். குபோட்டா 21 ஹெச்.பி. நியோஸ்டார், மஹிந்திரா ஜிவோ 24, ஜான் டீர் 28, எல்லாம் நாலு சக்கர இழுவை, சேற்றில் கெட்டிக்காரர்கள், விலையும் அப்படியே. 2020 கடைசியில் சோனாலிகா அறிவித்த மின்சார டைகர் மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனால் எங்கள் மெக்கானிக்குக்கு அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரியும் வரை காத்திருப்பேன். என் அளவுகோல் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி உடைந்த பாகம் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்தவாசியிலோ செய்யாறிலோ கிடைக்குமா? மழை பெய்த இரண்டு நாளில் ஒரு நாளை உதிரி பாகத்துக்குக் காத்திருந்து கழித்தால் மிச்சக் குதிரைகளுக்கு வேலையே இல்லை.

டிரைவர் அண்ணன் தேர்ந்தெடுத்தது நான்கு வருடம் ஓடிய, நாலு சக்கர இழுவை கொண்ட, இருபது ஹெச்.பி. சொச்சத்தில் ஒரு பழைய வண்டி. மீட்டரில் ஆயிரத்துச் சொச்சம் மணி. எனக்கு வந்த நண்பர்கள் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். "ஆயிரம் மணி ஓடியிருக்கே?" ஆமாம், ஓடியிருக்கிறது. அதனால்தான் வாங்குகிறோம். வளையத்தைத் தனியாகப் பொருத்தச் சொல்லி முன்பணம் கொடுத்தாயிற்று. முன்சொன்ன கணக்கை இந்த விலைக்குப் போட்டால் நூற்றெட்டு எழுபதுக்கு அருகே இறங்குகிறது, அது பக்கத்துக் கொல்லைகளிலேயே நிரம்பிவிடும்.

இன்னும் தீராத சண்டை ஒன்று இருக்கிறது, மழைக்கு மறுநாள் யார் கொல்லை முதலில் என்பது. சீட்டுக் குலுக்கலாம் என்றார் சம்பங்கி அண்ணன். பணம் போட்டவர் முதலில் என்றார் மிளகாய்க் கொல்லைக்காரர், என்னைப் பார்த்துக்கொண்டே. சின்னத் துண்டு முதலில், பெரிய துண்டு கடைசியில் என்று நான் சொன்னேன். ஆயா மட்டும் வாயைத் திறக்கவில்லை. டிரைவர் அண்ணன்தான் கடைசியில் பேசினார்: வண்டி எந்தக் கொட்டகையில் நிற்கிறதோ அதற்குப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார், வெத்தாக அலைய மாட்டார், டீசல் யார் அப்பன் வீட்டுக் காசு. கொட்டகை என் நிலத்தில் இருக்கிறது. அதைப் பெயர்த்து ஆயாவின் வரப்போரம் போட என்ன ஆகும் என்று கொத்தனாரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.